நாற்பத்தொரு 'இல்லை'

கடலைப் பார்க்கிறதுக்கு ஒரு சம்பளமான்னு யாராவது கேட்டா எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும். ஆமா, சம்பளம்தான். கரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடல்ல, இரும்புக் காலை ஊன்றிக்கிட்டு எண்ணெய் எடுக்கிற பிளாட்ஃபார்ம்ல நான் லேப் டெக்னீஷியன். தினம் காலையில எட்டு மணிக்கு நாலு பக்கமும் நின்னு தண்ணியைப் பார்க்கணும். எண்ணெய்ப் படலம் மிதக்குதா இல்லையான்னு லாக் புக்குல எழுதிக் கையெழுத்துப் போடணும். சட்டம் அது. அந்தக் கையெழுத்துக்கான உரிமம் வாங்க நான் பதினொரு வருஷம் பாட்டில் கழுவியிருக்கேன்.

அதனால அங்கே எனக்குப் 'பாட்டிலக்கா'ன்னு பேரு. வச்சது வேற யாரும் இல்லை, கூடப்பிறந்த தம்பி. அதே பிளாட்ஃபார்ம்ல கிரேன் ஓட்டுறான். வாய் ஜாஸ்தி, ஆனா பாசக்காரன். கடலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுதுன்னு, லீவு முடிஞ்சு வரும்போது ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டு வந்தான்.

"தண்ணி மேல அடிக்கிற பளபளப்பை இது காட்டாதுக்கா. போட்டுப் பாரு, உள்ளே வரைக்கும் தெரியும்"னான்.

அடேயப்பா! அப்படி ஒரு கடலை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. பச்சையா, ஆழமா, எல்லாரும் தூங்குற வீடு மாதிரி அமைதியாக் கிடந்துச்சு. இரும்புக் காலெல்லாம் கீழே கீழே போய்க்கிட்டே இருந்துச்சு. அதைச் சுத்தி மீன் கூட்டம், ஒரு அவசரமும் இல்லாம, திரும்பித் திரும்பிப் போகும். பம்பு சத்தம் காதுல விழாது. நிக்கிறேனா மிதக்குறேனான்னே தெரியாது. பத்து நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் நிப்பேன். அப்புறம் சொக்கிப்போய் உள்ளே வந்து, 'படலம்: இல்லை'ன்னு எழுதுவேன்.

காத்தே இல்லாத ஒரு காலையில வடக்குப் பக்கம் குனிஞ்சு நின்னேன். வேர்வையில கண்ணாடி மூக்கை விட்டு வழுக்கிடுச்சு. நல்லவேளை, பிடிச்சுட்டேன். பிடிச்ச நிம்மதியில வெறும் கண்ணால கீழே பார்த்தேன்.

தண்ணி மேல ஊதா, ரோஸ், மஞ்சள். எங்க காலடியிலேருந்து கிளம்பி, தூரம் வரைக்கும் வால் விட்டுட்டுக் கிடந்துச்சு. அழகா வேற இருந்துச்சு, பாழாப்போனது! கண்ணாடியை மாட்டினேன். பச்சைக் கடல், மீன். கழட்டினேன். படலம்.

ஓடிப்போய் புக்கைத் திறந்தேன். கண்ணாடி போட்ட நாள்லேருந்து நாற்பத்தொரு காலை, நாற்பத்தொரு 'இல்லை', கீழே என் கையெழுத்து. முதல் பக்கத்துல விதி அச்சடிச்சிருக்கு: வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். நூறு தடவை படிச்ச வரி அது.

தம்பிகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அவனுக்கு முகம் செத்துப்போச்சு. "இன்னைக்குத்தான் பார்த்தேன்னு சொல்லுக்கா. அது பொய்யில்லையே. பழசை எவன் கேட்கப்போறான்?"

அப்படித்தான் சொன்னேன், வெட்கத்தை விட்டு ஒத்துக்கிறேன். மேனேஜருக்கு நாங்க வச்ச பேரு சைரன். "நேத்து மாட்டின பம்புதான் ஒழுகுது, கழட்டுங்கடா"ன்னு கத்திட்டு ஓடினார். மத்தியானம் வரைக்கும் கழட்டினாங்க. பம்புல ஒண்ணும் இல்லை. வெளியே வால் நீண்டுக்கிட்டே போச்சு. நேத்துக்கு முன்னாடி நடந்ததைத் தேடிப் பார்க்க அவங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. நேத்து வரைக்கும் 'இல்லை'ன்னு போட்ட என் கையெழுத்து குறுக்கே நின்னுச்சு.

அதுக்கு மேல என்னால முடியலை. புக்கையும் கண்ணாடியையும் சைரன் மேஜையில வச்சேன்.

"இது எத்தனை நாளா ஒழுகுதுன்னு தெரியாது சார். நாற்பத்தொரு நாளா நான் கடலை ஒழுங்காப் பார்க்கலை."

அவர் கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். மெதுவாத்தான் கேட்டார். "உரிமம் போயிடும்மா. திரும்பக் கிடைக்காது. தெரியுமா?"

"தெரியும் சார்"னேன். அழுதுட்டேன்.

பழைய ரிப்பேர் கணக்கைப் புரட்டினாங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி வடக்குப் பக்கம் அடித்தளத்துல ஒரு எண்ணெய்க் கழிவுக் குழாய்க்கு வெல்டிங் பண்ணியிருக்காங்க. அது கீறல் விட்டிருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள அடைச்சுட்டாங்க.

மூணாம் நாள் காலையில என்னைக் கரைக்கு அனுப்பினாங்க. எட்டு மணி. ஹெலிகாப்டர் மேலே எழும்பினதும் குனிஞ்சு பார்த்தேன். படலம் இல்லை. இந்தத் தடவை நிஜமாவே இல்லை. எழுதத்தான் கையில புக்கு இல்லை.

வடக்குப் பக்கக் கம்பி ஓரத்துல தம்பி நின்னான், கையில லாக் புக். எனக்குப் பதிலா உரிமம் உள்ள ஆள் வர்ற வரைக்கும் கையெழுத்து சைரன் போடுவார், பார்த்து எழுதுற வேலையை மட்டும் அவனா கேட்டு வாங்கிக்கிட்டானாம். அக்காவுக்குக் கையாட்டுவான்னு ஜன்னல்ல முகத்தை ஒட்ட வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். பாவிப்பய, தலையைத் தூக்கவே இல்லை. அந்தக் கொளுத்துற வெளிச்சத்துல புறங்கையால கண்ணைத் துடைச்சுத் துடைச்சு, வெறும் கண்ணால கடலையே பார்த்துக்கிட்டு நின்னான்.