அடித்து எழுதிய இருபத்திரண்டு எண்கள்

யுரேனியச் சுரங்கம் வரப்போகிற மேட்டில் இன்னும் யாரும் மண்ணைத் தொடவில்லை. தொடுவதற்கு முன்னால் அங்கே இயற்கையாகவே எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளந்து வைக்க வேண்டும். நாளைக் காலையில் மண் வாரும் வண்டிகள் வந்துவிட்டால் அந்த எண் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அளக்கிறவர் இருபது வருஷமாக இதே வேலையில் தேய்ந்தவர். அவர் எண்ணைச் சொல்ல, நோட்டில் எழுதுவது அவர் மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்குத் 'தந்தி' என்று பேர். வயது நாற்பதாகியும் ஒரு சேதி அவன் வயிற்றில் தங்கியதில்லை.

"இருபத்திரண்டாவது இடம். புள்ளி நாலு எட்டு."

"இதுவும் எக்கச்சக்கம் மாமா! உள்ள சரக்கு கொட்டிக் கிடக்குது போல."

அவருக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. மீட்டரை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, முப்பதடி தள்ளி நின்ற ஜீப்பின் நிழலில் போய் உட்கார்ந்தார்.

"மாமா, இறங்கிருச்சு! புள்ளி ஒண்ணு ஒண்ணு!"

எழுந்து வந்தார். எண் ஏறியது. தள்ளிப் போனார். இறங்கியது.

"மீட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்றான் தந்தி.

மீட்டருக்கு ஒன்றுமில்லை. நேற்று ஆபீஸ் மீட்டிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் போனது ஆஸ்பத்திரிக்கு. புற்றுநோய்க் கட்டி எலும்புக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியில் ஏறியதும் கதிர்வீச்சு மருந்துதான். அந்த உடம்பையே சுமந்து வந்து இடம் இடமாக அளந்துகொண்டிருக்கிறோம் என்பது இவ்வளவு அனுபவம் இருந்தும் மனுஷனுக்கு உறைக்கவில்லை. நேற்றைய நாளை நினைக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவருக்கு எப்படி உறைக்கும்?

நோட்டை அப்படியே மூடிவிடலாம். ஆனால் மேட்டுக்குக் கீழே அறுபது வீடு. நாளைக்கு அந்த வாசல்களில் எண் ஏறினால், 'முன்னாலேயே இப்படித்தான் இருந்தது' என்று கம்பெனி இந்த நோட்டைத்தான் தூக்கிக் காட்டும். எண்களை அடித்துவிடலாம், ஆனால் காரணம் எழுதாமல் அடித்தால் நோட்டே செல்லாது. எழுதினால் தந்தி படிப்பான். பொழுது சாய்வதற்குள் அவன் அக்காவுக்குத் தெரிந்துவிடும். மகளின் பரீட்சை முடியும் வரைக்குமாவது மூடி வைக்க நினைத்திருந்தார். பாவம், அவர் கேட்டதெல்லாம் பத்து நாள்.

"மீட்டர் கோளாறுன்னு எழுதிருவோமா மாமா?"

"சோதிச்சுப் பார்ப்பாங்க. அது நல்லாத்தான் இருக்கு."

பேனாவை வாங்கினார். இருபத்திரண்டு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். 'அளந்தவருக்கு முந்தைய நாள் எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டிருந்தது. ஏறிய அளவு அவர் உடம்பினுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

தந்தி படித்தான். திரும்பவும் படித்தான்.

"அக்காவுக்கு..."

"தெரியாது. இருட்டுறதுக்குள்ள முடிக்கணும் மாப்ளே. நான் அந்த ஓரத்துக்குப் போயிடறேன். நீ முதல்லேர்ந்து அள."

அவர் தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். தந்தி ஒற்றை ஆளாக மீட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு இடத்திலும் நின்று அவருக்குக் கேட்கும்படி எண்ணைக் கத்தினான். புள்ளி ஒண்ணு ஒண்ணு. புள்ளி ஒண்ணு ரெண்டு. மறுபடி ஒண்ணு ஒண்ணு. பத்தொன்பதாவது இடத்தில் அவன் குரல் பிசிறியது.

"இடத்துக்கு ஒண்ணுமில்ல மாமா! இடம் நல்லாத்தான் இருக்கு!"

சொல்லிவிட்டு மீட்டரைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். அவர் எழுந்து நான்கடி வைத்தார். இன்னும் மூன்று இடம் பாக்கி இருந்தது. கிட்டே போகக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே, "எழுந்திரு மாப்ளே," என்றார்.