கைக்குக் கை கொடுக்காத எள்ளு

காளியாத்தாளுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அந்த வாரம் சிங்காநல்லூர் மில்லின் விருந்தினர் விடுதியில் பாத்திரங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. காரணம் ஒகாடா. நூல் சுற்றும் புது மெஷினைப் பொருத்திக் கொடுக்க ஜப்பானிலிருந்து வந்திருந்த இன்ஜினீயர். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். வந்து ஐந்து நாளாகிறது, தயிர்ச்சோறும் வாழைப்பழமும் தவிர அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாலும் சரி, அரிசிம்பருப்புச் சோறு வைத்தாலும் சரி, தலை குனிந்து ஒரு வணக்கம் வைப்பார், ஒரு வாய் எடுப்பார், கண்ணில் நீர் முட்டும், இன்னொரு வணக்கம் வைத்துவிட்டு எழுந்துகொள்வார்.

காளியாத்தாள் பதினான்கு வருஷமாக அங்கே சமைக்கிறாள். பம்பாய்க்காரர், ஜெர்மனிக்காரர் என்று எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். ஒருத்தரும் அவள் பரிமாறி அரை வயிற்றோடு எழுந்தது கிடையாது. இப்போது மேனேஜர் சொல்லிவிட்டார், திங்கட்கிழமையிலிருந்து இவருக்கு மட்டும் காந்திபுரத்திலிருந்து ஓட்டல் சாப்பாடு வருமென்று. தன்மையாகத்தான் சொன்னார். அன்றைக்கு முழுக்க அவள் முகமே சரியில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வருவது வரட்டும் என்று சந்தகை பிழிந்தாள். அவித்த அரிசி மாவு அச்சிலிருந்து நூல் நூலாக இறங்கியதைப் பார்த்ததுமே ஒகாடா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொட்டுக்கொள்ள வைத்திருந்த எள்ளும் வெல்லமும் பொடித்ததை விரலில் எடுத்து முகர்ந்தார். எழுந்து அறைக்கு ஓடி, பெட்டியிலிருந்து கறுப்பாக ஏதோ நிரம்பிய சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். பேப்பர் ஓரத்தில் படம் போட்டார்: எள்ளு, அரைக்கும் கல், கிண்ணம், கிண்ணத்துக்குள் இறங்கும் நூல்கள்.

அவரை மில்லுக்குக் கூட்டிப்போக வந்திருந்த மேஸ்திரி சென்னகேசவன்தான் அர்த்தம் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், ஒகாடாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ். இரண்டையும் சேர்த்தால் ஒருவழியாக வேலை நடந்துவிடும்.

"அம்மணி, எள்ளை மைய அரைச்சு, இந்த சோயாத் தண்ணியும் சக்கரையும் புளிப்பும் கலக்கோணுமாமா. அதுல இதைய முக்கித் திம்பாங்களாமா. அவங்கம்மா செய்யறதாமா."

"அவ்வளவுதானுங்களாண்ணா? இதைய மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு நாளு பட்டினி கெடந்திருக்க வேண்டாமுங்களே" என்றாள் காளியாத்தாள். அன்றைக்குப் பாத்திரங்கள் கொஞ்சம் அமைதியாக இருந்தன.

சனிக்கிழமை எள்ளை ஊறவைத்து, சாக்கில் தேய்த்துத் தோல் போக்கி, மொட்டைமாடியில் காயவைத்தாள். ஞாயிறு ஒகாடாவுக்கு லீவு. காலையிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றார். அவள் வாணலியில் எள்ளைப் போட்டு வறுக்க, அவர் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டார். எள்ளு படபடவென்று வெடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் அடுப்பை அணைக்கக் கை நீட்டினார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒரு பாஷையும் தேவைப்படவில்லை.

ருசி பார்க்கலாமென்று ஒகாடா உள்ளங்கையை நீட்டினார். காளியாத்தாள் கரண்டியில் எடுத்த எள்ளோடு சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அம்மியின் ஓரத்தில் எள்ளைக் கொட்டி, எடுத்துக்கொள்ளச் சொல்லி முகவாயால் காட்டினாள். எள்ளையும் உப்பையும் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை வரும். கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம். யோசித்துச் செய்ததில்லை.

ஒகாடாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அம்மியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கையை மடக்கிக்கொண்டார். தலை குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காளியாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எள்ளு தீய்ந்துவிட்டதோ என்று நாலைந்தை வாயில் போட்டுப் பார்த்தாள். பதமாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு, சமையல் எப்படி வந்தது என்று பார்க்க சென்னகேசவன் மொபெட்டில் வந்தார். அறைக்குள் போய்ப் பேசிவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"ஏனம்மணி, அவரு கையில நீ எதையோ குடுக்க மாட்டேன்னுட்டயாமா?"

"நானுங்களா?"

"ரயில்ல வாரப்ப எவனோ சொல்லியிருக்கறான், இங்க கீழானவன்னு நெனச்சா கையில குடுக்க மாட்டாங்கன்னு. என்னையும் அப்படித்தான் நெனக்கறாங்களான்னு கேக்கறாரு. கோவமெல்லாம் இல்ல. மெதுவாத்தான் கேட்டாரு."

"அட சாமி. அது எள்ளுங்ணா. எள்ளை எப்படிங்க கையில குடுக்கறது?"

சென்னகேசவன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். காளியாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. காங்கேயத்துப் பக்கம் அவள் அப்பன் தோட்டத்தில், வேலைக்கு வந்தவர்களின் கையில் உயரத்திலிருந்துதான் தண்ணீர் ஊற்றுவார்கள். சின்னப் பிள்ளையில் அவளும் சொம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றியிருக்கிறாள். ஏன் என்று அவர்களில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. கேட்க முடியாத இடத்தில் வைத்திருந்தார்கள். இந்த மனுஷன் கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்புமில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து போய் அம்மி முன்னால் உட்கார்ந்தாள். எள்ளை எண்ணெய் கசியக் கசிய மைய அரைத்தாள். அவர் பாட்டிலிலிருந்த சோயாத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டாள், சர்க்கரை போட்டாள், எலுமிச்சை பிழிந்தாள். பழக்க தோஷத்தில் பெருங்காய டப்பாவுக்குப் போன கையைத் தானே தட்டிவிட்டுக்கொண்டாள். வெந்நீர் தெளித்துத் தளர்த்தி, காலையில் பிழிந்து ஆறவைத்திருந்த சந்தகையோடு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். சென்னகேசவன் பின்னாலேயே வந்தார்.

"எள்ளைக் கையில குடுத்தா சண்டை வருமுங்க. இவருகூட எனக்குச் சண்டை வேண்டாமுங்க. அதனாலதான் கீழ வெச்சேன்னு சொல்லிப்போடுங்ணா."

சென்னகேசவன் தன் இங்கிலீஷ் முழுவதையும் திரட்டிச் சொன்னார். ஒகாடாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. காளியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து, ஒரு பிடி சந்தகையை உருட்டி உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"சந்தகைக்கு அந்தச் சட்டமெல்லாம் இல்லீங்க. சாப்புடுங்க சாமி."

ஒகாடா அதைக் கிண்ணத்தில் தோய்த்து வாயில் போட்டார். கண்ணில் நீர் முட்டியது. இந்தத் தடவை காரத்தினால் இல்லை. தட்டு காலியாகும் வரை எழுந்திருக்கவில்லை, கடைசியில் கிண்ணத்தை விரலால் வழித்தார். திங்கட்கிழமை ஓட்டல் சாப்பாடு வரவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் இருந்தார். எள்ளு வறுக்கிற நாளெல்லாம் சமையலறைக்கு வந்துவிடுவார். அவள் அம்மியோரத்தில் கொட்டுவாள். அவர், "சண்டை வேண்டாமுங்க" என்று சொல்லித்தான் எடுப்பார். அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ் அதுதான். மில்லில் வால்வு திருகும்போதும் அதையே சொல்வதாக சென்னகேசவன் வந்து சொன்னார்.

ஊருக்குக் கிளம்பிய காலையில் கார் வாசலில் நின்றது. ஒகாடா பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். தனக்குத்தான் ஏதோ தருகிறார் என்று காளியாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். அவர் பொட்டலத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எள்ளு. அம்மா அனுப்பினாங்க."

அதை வாசல் படிக்கல்லில் வைத்தார். ஓரடி தள்ளி நின்று அவளுக்குத் தலை குனிந்தார்.

"சண்டை வேண்டாமுங்க."

காளியாத்தாளின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவள் குனிந்து பொட்டலத்தை எடுத்தாள்.