உரியவர் இல்லாத சிப்பாய்கள்

சவரிராஜுக்குப் பொய் சொல்ல வராது என்று வடக்குத்து ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊருக்கென்ன, சொல்லும். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தெட்டு வருஷம் பெர்மனெண்ட் வேலை, ஒரு மெமோ வாங்கியதில்லை. ரிட்டையர் ஆனதும் பங்குக் கோயிலின் கல்லறைக் கமிட்டிக்கு அவரையே தலைவராக்கினார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய் நாற்பது வருஷமாக மூன்று சிமெண்டுச் சிலுவைகளாகக் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலையில் நிற்கிறது.

அக்டோபர் கடைசியில் பங்குச்சாமியார் அவரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். எஃபுவா என்று ஒரு டீச்சர், ஆப்பிரிக்காவில் கானா தேசத்திலிருந்து எழுதியிருந்தாள். அவள் தாத்தா க்வேசி இரண்டாம் உலகப்போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவர். பர்மா சண்டைக்குப் போகிற வழியில் காய்ச்சல் கண்டு, கூட வந்த இரண்டு சிப்பாய்களோடு இந்தப் பக்கம் செத்துப்போனார். சம்மனசுக்குப்பம் கோயில் கல்லறையில் புதைத்ததாகப் பட்டாளத்துக் காகிதம் சொல்கிறதாம். கல்லறைத் திருநாளுக்கு நேரில் வருகிறாள். சாகும்வரை புருஷன் வருவான் என்று காத்திருந்த பாட்டியின் குழி மண்ணைக் கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டு, தாத்தாவின் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போக வேண்டுமாம்.

“நல்லவேளை, நீங்க அன்னைக்கே எலும்ப எடுத்துட்டு வந்து இங்க வெச்சீங்க” என்றார் சாமியார்.

சவரிராஜ் தலையை ஆட்டினார். ஆட்டின தலையை அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

சம்மனசுக்குப்பம் அவருடைய சொந்த ஊர். இன்றைக்கு அந்த இடம் சுரங்கம். நிலம் எடுத்தபோது ஜனங்கள் வடக்குத்துக்கு வந்தார்கள், வரும்போது செத்தவர்களையும் விட்டுவிட்டு வரவில்லை. அவரவர் குடும்பம் அவரவர் குழியைத் தோண்டி, எலும்பைக் கழுவி, வெள்ளைத் துணியில் கட்டி எடுத்து வந்தது. நோட்டில் எழுதும் வேலை இருபத்திரண்டு வயசு சவரிராஜுக்கு. குழி நம்பர், பேர், உரியவர் என்று மூன்று கட்டம். கடைசி மூன்று குழிகளுக்கு உரியவர் கட்டத்தில் கோடு போட்டார். அப்போதிருந்த கிழட்டுச் சாமியார் நோட்டைப் பார்த்துவிட்டு, “கடல் தாண்டி வந்து செத்தவங்களுக்கு இங்க யாருடா இருக்கா? நீதான் உரியவன். மூணு பேரையும் எடுத்துகினு வா” என்றார்.

குழிகளைத் தோண்டி எடுக்கக் கொடுத்த கெடுவின் கடைசி நாளன்று பெர்மனெண்ட் வேலைக்கு மெடிக்கல் பார்க்க வரச்சொல்லி ஆள் வந்தது. நாளைக்குத் தோண்டினால் குடியா முழுகிவிடும் என்று போனார். மறுநாள் போனபோது கல்லறை இருந்த இடத்தில் இயந்திரம் நின்றது. சொந்த அப்பன் எலும்பாக இருந்தால் அப்படிப் போயிருப்பாரா? போயிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும். புதுக் கல்லறையில் மூன்று மேடு கட்டினார், சிலுவை நட்டார், நோட்டைப் பார்த்துப் பேர் எழுதினார். “எடுத்துகினு வந்துட்டேன் சாமி” என்றார். கிழவர் பாவம், வெறும் மண்ணுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்.

கல்லறைத் திருநாளில் சொந்தக்காரர் குழிகளுக்கு ஏற்றியது போக மிஞ்சுகிற துண்டு மெழுகுவத்திகள் சிப்பாய்களுக்கு. அது சம்மனசுக்குப்பத்து வழக்கம், இங்கேயும் விடவில்லை. சவரிராஜ் மட்டும் அந்த மூலைக்குப் போகவே மாட்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் எஃபுவா வந்தாள். ஐம்பது வயசிருக்கும். சுரங்க டவுன்ஷிப்பில் டீச்சராக இருக்கும் சவரிராஜின் மகள் நான்சிதான் அவள் இங்கிலீஷைத் தமிழிலும் இவர்கள் தமிழை இங்கிலீஷிலும் சொன்னாள். க்வேசி என்று எழுதிய சிலுவையின் முன்னால் எஃபுவா முழங்காலிட்டாள். துண்டு மெழுகுவத்திகளைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாருமில்லாத ஊரில் தாத்தாவுக்கு விளக்கேற்ற ஆள் இருக்கிறதே என்றாள். பிறகு கையால் மண்ணை அள்ளப் போனாள்.

“எடுக்காதம்மா!” சவரிராஜ் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குழிக்காரர்கள் திரும்பினார்கள். “அதுல யாரும் இல்ல. நான் எடுத்துகினு வரல. சும்மா மேடு கட்டி ஊர ஏமாத்திட்டேன்.”

நான்சிக்கு முகம் வெளுத்தது. “அப்பா, இத நான் எப்படிப்பா அவங்ககிட்ட சொல்றது?”

“நான் சொன்னபடியே சொல்லும்மா. ஒண்ணும் மறைக்காத.”

சொன்னாள். எஃபுவா கையில் ஒட்டிய மண்ணை உதறவுமில்லை, துணியில் முடியவுமில்லை. அப்படியானால் தாத்தா எங்கே என்று மட்டும் கேட்டாள்.

நான்சியின் காரில் சுரங்கத்தின் விளிம்புக்குப் போனார்கள். கம்பி வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் பள்ளம். எஃபுவா பள்ளத்தின் அடியைப் பார்த்தாள். சவரிராஜ் அடியைக் காட்டவில்லை. தான் நிற்கிற மட்டத்திலேயே கையை நேராக நீட்டினார்.

“அதோ, வெறும் காத்து இருக்குதே, அங்கதாம்மா ஊரு இருந்தது. கோயிலு, கல்லறை எல்லாம் அங்கதான். மேல்மண்ண வெட்டி, மண்ணு ஓடற பெல்ட்டுல போட்டு, அந்தாண்ட மலையா கொட்டிட்டாங்க. அந்த பெல்ட்டுல நானே ஆறு மாசம் ஷிப்ட் பாத்தேன். மண்ணு என் கண்ணெதிர ஓடிகினே இருக்கும். ஒரு நாளும் குனிஞ்சு பாக்கல. பாத்தா தெரிஞ்சிடுமோன்னு பயம்.” வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “பாவி நான். ஒரு நாள் வேலைம்மா அது. ஒரே ஒரு நாள்.”

எஃபுவா பைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே செம்மண். பாட்டியின் மண். ஏதோ மெதுவாகக் கேட்டாள். நான்சி அழுதுகொண்டே தமிழில் சொன்னாள்: “இத எங்க வைக்கிறதுன்னு கேக்கறாங்கப்பா.”

சவரிராஜ் காற்றைப் பார்த்தார், தூரத்து மண்மலையைப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி அவள் முன்னால் நீட்டினார்.

“எங்கிட்ட குடுக்கச் சொல்லும்மா. அவருக்கு இங்க நாந்தான் உரியவன்னு சொல்லு.”

நான்சி சொன்னாள். எஃபுவா அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. துணியை மறுபடி முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள்.

சவரிராஜ் ஏந்திய கையை மடக்காமல் அங்கேயே நின்றார்.