கிணற்றடிக் குழாய்

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு, கல்முனைக்குடிக் கடற்கரையில், சுனாமியில் இடிந்த ஒரு வீட்டின் கிணற்றடியில், சுபியானின் மெட்டல் டிடெக்டர் விடாமல் கத்தியது.

காசு என்றால் ஒரு சின்னச் சத்தம் வந்து நின்றுவிடும். இது கருவியை நகர்த்த நகர்த்தத் தொடர்ந்தது.

சுபியான் எலக்ட்ரீசியன். கட்டாரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு 2022இல் திரும்பியபோது அந்தக் கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அதற்கு அனுமதி வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு கேட்கப் பயம். விடிந்ததும் ஆளில்லாத இந்தப் பக்கம் வருவான். இரண்டு வருடத்தில் பதினான்கு காசுகள் கிடைத்தன. மூன்று ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுகள். மற்றவை பழைய சதங்கள்.

“இந்தக் காசுக்கு மீன்காரன் ஒரு சாளையும் தரமாட்டான்” என்பாள் மனைவி ஹிமாயா.

முழங்கை ஆழத்தில் வெள்ளை பிவிசி குழாய் ஒன்று தட்டுப்பட்டது. கை நீளத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு முனையும் மூடி போட்டுப் பசையால் ஒட்டியிருந்தது. பாதி தூக்கிய பிறகுதான் சுபியானுக்கு அது உறைத்தது. தண்ணீர் போகிற குழாயை யாரும் இரண்டு பக்கமும் அடைப்பதில்லை. உள்ளே ஏதோ நகர்ந்து ‘டக்’ என்றது.

2019இல், ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, சாய்ந்தமருதில் தற்கொலைதாரிகள் இருந்த வீடு வெடித்த இரவு அவன் கட்டாரில் இருந்தான். ஃபோனில் பார்த்த படங்கள் இப்போது கண்முன் வந்தன. குழாயைக் கீழே வைக்கப் பயம், பிடித்திருக்கவும் பயம். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையில்லை. பொலிசுக்குச் சொன்னால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். விட்டுப்போனால், பின்னேரம் பிள்ளைகள் பந்தடிக்க வருவது இந்த இடத்துக்கு.

குழாயை மடியில் சாய்த்து, ஒரு கையால் ஃபோனை எடுத்து வீட்டுக்கு அழைத்தான்.

“ஹிமாயா, கிண்டக்குள்ள ஒரு சாமான் வந்திட்டு. குழாய். குண்டு போல கிடக்கு.”

“எந்த இடத்தில?”

“உடைஞ்ச வீட்டுக் கிணத்தடி.”

ஹிமாயாவின் குரல் தாழ்ந்தது.

“வெள்ளைக் குழாயா? ரெண்டு பக்கமும் மூடியா?”

சுபியான் நிறத்தைச் சொல்லியிருக்கவில்லை.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஃபோன்ல கதைக்காதீங்க. அசையாம இரிங்க. வாப்பாவக் கூட்டிட்டு வாறன்.”

இருபது நிமிடம் அவன் அப்படியே முழங்காலில் இருந்தான். குழாயைவிட அவளுடைய கேள்வி அவனைப் பயமுறுத்தியது. தான் இல்லாத வருடங்களில் தன் வீட்டில் என்ன நடந்தது?

ஹிமாயாவின் தகப்பன் மீராசாஹிபு முன்னால் வந்தார். முப்பது வருடம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் மோதினாராக இருந்தவர். வந்த வேகத்தில் குழாயை வாங்கி மணலில் போட்டார். சுபியான் தலையைப் பொத்திக்கொண்டு விழுந்தான்.

“எழும்புங்க மருமகன். இது குத்பா வாள்.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பிரசங்கம் செய்கிற கத்தீப், மிம்பர் மேடையில் ஏறும்போது கையில் பிடிக்கிற வாள். மீராசாஹிபின் பாட்டன் காலத்திலிருந்து பள்ளிவாசலில் இருந்தது.

“வெங்காயமும் வெட்டாது” என்றாள் ஹிமாயா. “ஆனா ஈஸ்டர் குண்டுக்குப் புறகு வாள் வெச்சிருந்த ஆக்கள பொலிஸ் அள்ளிட்டுப் போன நேரம். நானும் வாப்பாவும்தான் மண்ணுக்குள்ள தாட்டம்.”

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“ஃபோன்லயா? நீங்க வந்த புறகு மறந்தே போச்சு. நீங்க மண்ணக் கிண்டுற மெசினோட வருவீங்கண்டு ஆரு கண்ட?”

“பள்ளிக்கே குடுப்பமே, மாமா. இப்ப ஆரு கேக்கிற?”

“பொலிஸ் சோதிக்க வந்த நேரம் பள்ளியில வாள் இல்லண்டு ஒப்பம் வெச்சது நான், மனே. அந்தக் கடதாசி அவங்கள்ட்ட இரிக்கி.”

அப்போது வடக்கே ஈர மணலில் இரண்டு கடற்படை ஆட்கள் துவக்கோடு நடந்து வருவதை ஹிமாயா கண்டாள். குழாயைக் குழிக்குள் தள்ளினார்கள். டிடெக்டரையும் சுபியான் அதன்மேல் போட்டு மணலை இழுத்து மூடினான். மூவரும் அதன்மேல் உட்கார்ந்தார்கள். மீராசாஹிபின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஆட்களில் ஒருவன் நின்று, சுபியானின் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தான். மீராசாஹிபு வணக்கம் சொல்வதுபோல் கை உயர்த்திக் காட்டினார். அவன் தலையசைத்துவிட்டுப் போனான்.

பிறகு தோண்டி, இன்னும் இரண்டு அடி ஆழமாக்கி, இரண்டையும் ஒன்றாகப் புதைத்தார்கள். அடம்பன் கொடியை மேலே இழுத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு வீடு திரும்பினார்கள். சுபியான் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.