சீனிச் சம்பல் போத்தல்

கண்டிக்கு வந்த முதல் வாரமே என்னைக் கிரிக்கெட் அணியில் சேர்த்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை என்றால் தொட்டிலிலேயே மட்டை பிடித்திருக்கும் என்று பள்ளிக்கூடமே முடிவு செய்திருந்தது. காலைக் கூட்டத்தில் அதிபர், "எங்களுக்கு ஒரு வெளிநாட்டு வீராங்கனை கிடைத்திருக்கிறார்" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். திருநெல்வேலியில் நான் ஆடிய ஒரே விளையாட்டு கேரம். முதல் பந்து என் தாடையில் பட்டது. இரண்டாவது பந்து எங்கே போனதென்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இந்தியாவின் மானம் அன்றைக்கே கப்பலேறியது.

மறுநாள் ஜெயராணி டீச்சர் என் உயரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேரென்ன மகள்? காந்திமதியா? நாளையிலருந்து நெட்போலுக்கு வாங்க" என்றார்.

நெட்போல் என்பது விசித்திரமான விளையாட்டு. பந்து கைக்கு வந்ததும் ஓடக் கூடாது. யார்மீதும் இடிக்கக் கூடாது. உனக்கென்று கோடு போட்டுக் கொடுத்த இடத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைக்குப் பதினைந்து வருடமாகச் சொல்லித்தருவதும் இதைத்தான். ஆகவே மூன்றே வாரத்தில் நான் அணியின் கோல் ஷூட்டர்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "வெளியே எதையும் வாயில வைக்கக் கூடாது. நாம சைவம். வச்சேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே விளையாட்டு கட். உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிருவேன்."

நான் தலையை ஆட்டினேன். பயிற்சி முடியும் நேரத்தில், பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பேக்கரி த்ரீவீல் பள்ளிக்கூட வாசலுக்கு வரும். இட்லியும் தயிர்ச்சாதமும் உள்ளே ஜீரணமாகி ஆறு மணிநேரம் ஆகியிருக்கும். ஒருநாள் எங்கள் அணியின் றம்ஸியா ஒரு பனிஸை, நம்மூர் பன்தான், என் கையில் வைத்தாள். உள்ளே செக்கச்செவேலென்று வதக்கிய வெங்காயம், சீனிச் சம்பல். கடித்ததும் இனிப்பு, அடுத்து காரம், அதற்கும் பின்னால் பெயர் தெரியாத ஏதோ ஒன்று.

"இது சைவம்தானே?" என்று பாதி விழுங்கிய பிறகு கேட்டேன்.

"சைவம்தான். எறச்சியும் இல்ல, முட்டையும் இல்ல."

அதற்குப் பிறகு ஐந்து மாதம் தினம் ஒரு பனிஸ். நாங்கள் காலிறுதி வென்றோம், அரையிறுதி வென்றோம். அரையிறுதி வென்ற அன்று எல்லோரும் கட்டுகஸ்தோட்டையில் றம்ஸியா வீட்டுக்குப் போனோம். அவளுடைய உம்மா உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார். கறுத்து, காய்ந்து, கட்டை மாதிரி இருந்தது.

"என்ன ஆன்ட்டி, விறகா?"

அவர் சிரித்துச் சிரித்து உலக்கையைக் கீழே வைத்துவிட்டார். "மாசி, புள்ள. காஞ்ச மீன். இது போடாம சீனிச் சம்பல்ல என்ன ருசி?"

நான் றம்ஸியாவைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் கலங்கவில்லை. "அது மீன் கணக்குல வராது டீ. உப்பு மாதிரித்தான். நீ மீனக் கண்டியா?"

காணவில்லைதான். அருவருப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வந்தது பயம். அம்மாவுக்குத் தெரிந்தால் நான் இறுதிப் போட்டிக்கு இல்லை, கண்டியிலும் இல்லை. கூடவே இன்னொரு பயமும் வந்தது. எங்கள் சமையலறை அலுமாரியிலும் ஒரு சீனிச் சம்பல் போத்தல் இருந்தது. பக்கத்து வீட்டு ஸக்கியா ஆன்ட்டி மதிலுக்கு மேலே நீட்டிக் கொடுத்தது. காலியாகக் காலியாக வேறு போத்தல் வந்துகொண்டிருந்தது. அம்மா அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அப்பா நான்கு தோசை கேட்டு வாங்கினார். "ஒரு வெங்காயத்தை இவ்வளவு ருசியா வதக்க நம்மூர்ல ஒருத்திக்கும் தெரியல பாரு" என்று ஒன்றுவிட்ட சித்திகள் அத்தனை பேரையும் ஒரே வாயில் மட்டம் தட்டினார்.

இறுதிப் போட்டி சனிக்கிழமை. என் கெட்ட நேரம், தாத்தாவின் திதியும் அன்றைக்கே. அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "திதி அன்னைக்கு வாசல் தாண்டக் கூடாது." தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் விற்பவர் அவர். சிங்களத்தில் பேரம் பேசுவார், துரைமாரோடு தேநீர் குடிப்பார். வீட்டுக்குள் மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே இருந்தார்.

சனிக்கிழமை காலை அம்மா படையலுக்குச் சமைத்தாள். அந்தச் சம்பல் தாத்தாவின் இலையில் விழுந்துவிடக் கூடாதே என்று அலுமாரியைத் திறந்தேன். ஊறுகாய் இருந்தது, இட்லிப் பொடி இருந்தது. போத்தலைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினேன். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால், பேப்பரில் சுற்றிப் பைக்குள் போட்டு வைத்திருந்தது.

விஷயம் தெரியாதவள் ஏன் ஒளித்துவைக்கிறாள்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அம்மாமேல் வருத்தம் வரவில்லை. பரம சந்தோஷம். மேட்சுக்கு அனுப்பு, இல்லாவிட்டால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். வசனம்கூடத் தயார். போத்தலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"அம்மா, இது ஏன் சோப்புத்தூளுக்குப் பின்னால இருக்கு?"

அம்மா போத்தலைப் பார்த்தாள். எண்ணெயில் வடை கருகியது.

"மூணு மாசமாத் தெரியும்" என்றாள் மெதுவாக. "ஸக்கியாவே சொல்லிட்டா. நாம சாப்பிடமாட்டோம்னு அவளுக்குத் தெரியாது. பாவம், அழுதுட்டா."

"அப்புறம் ஏன் வாங்குனே?"

"வேண்டாம்னா மதில் பக்கம் வாறதை நிறுத்திருவா, ஏட்டி. நீ ஆறு மணிக்குப் போனா ஆறு மணிக்கு வாறே. அப்பா பன்வில, ஹேவாஹெட்டன்னு போனா ரெண்டு நாள். இந்த ஊருல என்னைப் பார்த்து 'இன்னைக்கு என்ன கறி'ன்னு கேக்குறது அவ ஒருத்திதான். மொத நாள் தொண்டையில எறங்கல. அப்புறம் எறங்கிருச்சு."

"எனக்கு மட்டும் எதுக்கு அந்தச் சட்டம்?"

"நீயாவது ஒழுங்கா இருக்கணும்லா?" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் அஞ்சு மாசமாத் திங்கேன். பனிஸ்ல வச்சு."

அம்மா கருகிய வடையை எடுத்துப் போட்டுவிட்டுக் கரண்டியோடு திரும்பினாள். அடி விழும் என்று நினைத்தேன். "கடைச் சம்பல் ஸக்கியா செய்யுற மாதிரி இருக்காதே" என்றாள்.

தயார்செய்த வசனம் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அணியில் மட்டும் ஆறு தோழிகள். அம்மாவுக்கு மதிலுக்கு மேலே தெரியும் ஒரே ஒரு முகம். ஐந்து மாதத்தில் இது ஒருநாளும் என் மண்டையில் ஏறவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. போத்தலைத் திரும்பக் கொண்டுபோய்ச் சோப்புத்தூளுக்குப் பின்னாலேயே வைத்தேன்.

திரும்பி வரும்போது அம்மா கூடத்தில் அப்பாவுக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டரைக்கு அவளுக்கு மேட்ச். படையல் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்."

"திதி அன்னைக்கா? ஊரு என்ன சொல்லும்?" என்றார் அப்பா.

"எந்த ஊரு?"

அப்பா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். இந்தத் தெருவில் தாத்தாவைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. எங்களைத் தெரிந்த ஒரே ஆள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "நானும் வாரன் மெச் பாக்க" என்றார். அம்மா அவருக்குக் கேட்கும்படி உரக்க, "சீக்கிரம் வாங்க" என்றாள். நான் காலுறையைத் தேடி ஓடினேன்.