வேலுவின் கத்தி

வேலு சவரக் கத்தியைத் தோல்வாரில் இரண்டு முறை தீட்டிவிட்டு, "மூத்தவரு வந்து குந்துங்க," என்றார். தமிழ்வாணன் ஆற்று மணலில் நின்ற இடத்திலேயே நின்றான்.

எதிரில் அடுக்கிய கட்டைகளின் மேல் அப்பா முருகேசன் கிடந்தார். விடிகாலையில் தறிக்குழியில் கால் வைக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அதோடு சரி. முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் வறட்டி வைத்து மூடியாகிவிட்டது. முதலில் மூத்த மகனுக்கு மொட்டை, அப்புறம் இளையவனுக்கு. பிறகு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும். அவர்கள் வகையறாவில் அப்படித்தான். இரண்டு தலைக்கும் கத்தி ஒன்றுதான்.

"தம்பிக்கு மொதல்ல போடுங்க," என்றான்.

தாய்மாமன் சின்னதுரைக்கு உடனே ஏறிவிட்டது. "இன்னாடா பேசற? கொள்ளி வெக்கறவன் தலதான் மொதல்ல எறங்கணும். ஜல்தி குந்து, வெயில் ஏறிகினு கீது."

மூன்றரை மாதத்துக்கு முன்னால் தமிழ்வாணன் பெங்களூருக்குச் சேலை கொண்டு போயிருந்தான். கடைக்காரர் நாளைக்கு வரச் சொன்னதால் லாட்ஜில் தங்கினான். லாட்ஜ் பையன் கதவைத் தட்டிக் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வந்தவள் எந்த ஊர் என்று கேட்டாள். ஆரணி என்றதும், பட்டு இதுவரைக்கும் கட்டியதில்லை என்று சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதியிருந்த எய்ட்ஸ் விளம்பரத்தை அவன் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்திருக்கிறான். ஊருக்குத் திரும்பிய பிறகு அது அவனுக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் விரல் விட்டு எண்ணினான். தினமும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தான். முதுகுவலி என்று மனைவி சுகன்யாவிடம் சொல்லிவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டான். டாக்டர் சொன்ன மூன்று மாதம் பொறுத்திருந்து, போன வாரம் வேலூரில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தான். சீட்டில் எய்ட்ஸ் பரிசோதனை என்று அச்சடித்திருந்தது; பேர் இல்லை, நம்பர்தான். வியாழக்கிழமை வந்து ரிசல்ட் வாங்கிக்கச் சொன்னார்கள்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

காலையில் வீடே அலறிக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஒன்று தோன்றியது. காரியம் முடிகிற வரைக்கும் ஏன் தனியாகப் படுக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்பா செத்ததில் இப்படி ஒரு நிம்மதி. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"வேலண்ணே, பிளேடு எதுனா இல்லியா? சலூன்ல போடறாங்களே."

"முப்பது வருசமா இந்தக் கத்திதான் தம்பி. உங்கப்பா மொகம் வேற கத்தியே பாத்ததில்ல."

தம்பி சதீஷ் அழுது வீங்கிய முகத்தோடு நின்றான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

"அப்ப தம்பியே கொள்ளி வெக்கட்டும், மாமா."

பாடை தூக்கி வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சின்னதுரை கிட்ட வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "பெத்தவன் மேல அப்பிடி இன்னாடா கோவம் உனக்கு?"

கோபமா! ஒரு நாள்கூடக் கை நீட்டி அடித்திராத மனுஷன்.

"வேணாண்ணா, நீதாண்ணா வெக்கணும்," என்றான் சதீஷ்.

"குந்துடா," என்று தமிழ்வாணன் தம்பியின் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

தம்பிக்கு முடிந்த பிறகு தமிழ்வாணன் தலையைக் கொடுத்தான். காதுக்கு மேலே கத்தி இழுத்தபோது உடம்பு தானாக அதிர்ந்தது. "அடடா, ஆடிட்டியே தம்பி," என்று வேலு கத்தியை ஈரத்துணியில் துடைத்தார். துணியில் சிவப்பாகப் பட்டது.

"அடுத்து எங்கண்ணே போறீங்க?"

"களம்பூரு. தங்கச்சி பேரனுக்கு நாளைக்கிக் காதுகுத்து. நான்தான் மொட்ட போடணும்."

தமிழ்வாணன் எழுந்து அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி மடித்தான். "இது அப்பாவோட போவட்டும்ணே. அவரு வேற கத்தி பாத்ததில்லன்னு நீங்கதான சொன்னீங்க."

வேலு எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கட்டை மேல் தெரிந்த முகத்தைப் பார்த்தார். வாரம் தவறாமல் அவர் வழித்த முகம். கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார். கத்தியோடு அந்தத் துணியையும் அப்பாவின் காலடியில் வறட்டிக்குள் செருகினான் தமிழ்வாணன்.

சதீஷ் சுற்றி வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தான். பங்காளிகளோடு பங்காளியாக நின்று பார்த்தபோதுதான் தமிழ்வாணனுக்கு அழுகை வந்தது. வைக்க வேண்டிய கை இங்கே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் அவன் நுழைவதற்கு முன்பே மாமா சொல்லி முடித்திருந்தார். அம்மா கன்னியம்மாள் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "அவுரு உன்ன இன்னாடா பண்ணாரு?" என்று கேட்டாள். அவன் பின்கட்டுக்குப் போனான்.

சுகன்யா அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். துவைக்கிற கல் மேல், ஒரு சொம்புக்கு அடியில் அந்தச் சீட்டு இருந்தது.

"சட்டைய ஊற வெக்கறதுக்கு முன்ன பாக்கெட்டப் பாத்தேன்," என்றாள்.

"படிச்சியா?"

"படிக்கத் தெரியும் எனக்கு." சொம்பில் மொண்டு அவன் தலையில் ஊற்றினாள். "வேலு கத்தியையும் நெருப்புல போட்டுட்டீங்களாமே. மாமா திட்டிகினே கீறாரு."

தண்ணீர் முகத்தில் வழிந்தது.

"எப்ப?" என்றாள்.

"பெங்களூரு போனப்ப."

அடுத்த சொம்பு வர நேரமாயிற்று. அவன் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் ஊற்றினாள், நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கிப் பால் தெளிச்சிட்டு வேலூரு போலாம்," என்றாள்.

"நான் மட்டும் போறேன்."

"கூட நானும் வரேன்."

உள்ளே போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். காதுக்கு மேலே இருந்த காயத்தைத் தொட வந்தவளிடமிருந்து அவன் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான். "வேணாம். நானே வெச்சிக்கிறேன்."

மஞ்சளை அவன் உள்ளங்கையில் வழித்து வைத்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து வந்து, காயம் அவனுக்குத் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.