படியேறாத லிஃப்ட் மெக்கானிக்

‘பழுது, ஏறாதீர்கள்’ என்ற பலகையை லிஃப்ட் வாசலில் மாட்டியவன் நான். அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறியவனும் நான்தான். கதவுப் பூட்டில் கோளாறு; எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று தெரிந்தே ஏறினேன். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. மாட்டிக்கொண்டவர்களிடம் வழக்கமாக நான் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: பதறாதீங்க, மணியை அழுத்துங்க. மணி அடித்தது. இதயம் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை.

அது என் பேச்சைக் கேட்பதை விட்டு ஆறு மாதமாகிறது. ஒழுங்காகத் துடித்துக்கொண்டே வரும், நடுவில் ஒன்றை விழுங்கும், பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி தடதடவென்று மூன்றைச் சேர்த்துத் துடிக்கும். முதல்முறை அப்படி ஆனது ஒரு மாடிப்படியில். மருத்துவர் மாத்திரை எழுதி, “பாத்து நடந்துக்கங்க” என்றார். எவ்வளவு நடக்கலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். அன்றிலிருந்து படியைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரிதான். லிஃப்ட்டின் மோட்டார் அறையோ, எங்கள் கட்டடங்களில் எல்லாம் மொட்டை மாடியில்தான் இருந்து தொலைக்கிறது.

கீழேயிருந்து என் மைத்துனனின் குரல் வந்தது. மனைவியின் தம்பி, என்னோடுதான் வேலை பார்க்கிறான்.

“உள்ள யாருங்க?”

“நான்தான்டா.”

“மாமா? போர்டு மாட்டியிருந்தீங்களே!”

“கையிலதான் இருக்கு.”

“பத்திரமா வச்சுக்கங்க. கழுத்துல மாட்டிக்கிட்டா இன்னும் நல்லது.”

அந்தக் கனத்த உடம்போடு ஏழு மாடியும் ஏறி, மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி, என்னை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். இறங்கி வந்து கதவைத் திறந்தவனுக்கு வேர்த்து ஊற்றியது. புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினான். பொறாமையாக இருந்தது. எவ்வளவு கவலையில்லாத மூச்சு!

“மாமா, எல்லா மொட்டை மாடிக்கும் என்னையே அனுப்புறீங்க. முதலாளி கேட்டுட்டாரு, படியேறாத ஆளுக்கு இங்க என்ன வேலைன்னு. இந்த மாசம் வரைக்கும்தான் பொறுப்பாராம். அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அவன் காதில் இருந்தது.

மறுநாள் காலையே மனைவி என்னை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். “காய்கறிப் பையைக்கூட என் தலையில கட்டினப்போ சோம்பேறித்தனம்னு நினைச்சுத் திட்டினேன். பயம்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாத் திட்டியிருப்பேன்” என்றாள். திட்டிக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டாள்; விடவில்லை.

காய்ச்சல், கல்யாணம் என்று சாக்குச் சொல்லி இரண்டு முறை தள்ளிப்போட்ட டிரெட்மில் பரிசோதனை. நெஞ்சில் வயர்களை ஒட்டி ஏற்றிவிட்டார்கள்.

“கம்பியை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க சார், அது எங்கயும் ஓடிராது” என்றார் நர்ஸ்.

வேகம் கூடியது. மேடும் கூடியது. இதயம் ஒரு துடிப்பை விழுங்கியது.

“நிறுத்துங்க!”

மருத்துவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வலிக்குதா? தலை சுத்துதா?”

“இல்ல.”

“பின்ன?”

“பயமா இருக்கு.”

“சரி, பயந்துக்கிட்டே நடங்க.”

நடந்தேன். முடிந்து சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் அவர், “பொதுவா பாத்தா…” என்று ஆரம்பித்தார்.

“பொதுவா வேணாம் டாக்டர். ஏழு மாடி ஏறினா நான் செத்துப்போவேனா, மாட்டேனா?”

மனைவியின் பிடி இறுகியது. மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“மாட்டீங்க. துடிப்பு அப்பப்ப தப்பும், அது உங்களோடவேதான் இருக்கும். மாத்திரைய விடாதீங்க. நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ உடனே நின்னு, இங்க வந்துடுங்க. மத்தபடி மெதுவா ஆரம்பிச்சு, தினமும் ஏறுங்க. நீங்க ஏறாம உக்காந்திருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கவலை.”